மூன்று துண்டுப் பெயர்

ஊரே 'டோன்' என்று மரியாதை வைத்து அழைக்கும் அறிவிப்பாளர் எவர்லீதெஸின் தொண்டை சனிக்கிழமை கால்பந்து ஆட்டம் பார்த்ததோடு போய்விட்டது. ஜெயித்துக் கத்தியிருந்தாலும் ஒரு ஆறுதல். மனிதர் தோற்றுக் கத்தினார். ஞாயிறு காலையில் வாயைத் திறந்தால் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம்தான் வந்தது.

அன்று பிற்பகல் கெய்லாவின் பதினைந்தாவது பிறந்தநாள். தெருவை அடைத்துக்கொண்டு 'பிடிவாதக் கழுதை' நிற்கும். கழுதை என்பது பிகோ: ஆள் உயரத்தைத் தாண்டி அடுக்கிய ஒலிபெருக்கிச் சுவர், அதன் நெற்றியில் பல்லைக் காட்டும் கழுதைப் படம். பாட்டு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். பாட்டுக்கு நடுவே எவர்லீதெஸ் ஒவ்வொருவர் பெயரையும் முழங்கிப் புகழ்ந்தால்தான் பாரன்கிலியா நகரத்தில் அது விருந்து.

"பழைய பதிவெல்லாம் உங்கிட்ட கெடக்குல்ல புள்ள? வெட்டி ஒட்டிரு," என்றான் கழுதையின் முதலாளி பிஸ்மார்.

மார்லோபிஸ் நான்கு வருடமாக அந்தக் குரலை வெட்டி ஒட்டுகிறாள். அதன் இருமலையும் ஏப்பத்தையும் கெட்ட வார்த்தையையும் கணினியில் கத்தரித்து எறிபவள் அவள்தான். அவள் பெயர் மட்டும் அந்தச் சுவரில் ஒருமுறைகூட ஒலித்ததில்லை. "என் பேரையும் ஒரு தடவ சொன்னா என்னவாம்?" என்று போன மாதம் கேட்டதற்கு, "கத்தரிக்கோலுக்கு யாராச்சும் பேரு வைப்பாங்களா?" என்று சிரித்தான் பிஸ்மார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

திரையில் மேல் வரியில் பெயர்களை அடுக்கினாள். ஒவ்வொரு பெயரையும் அடுத்து ஒலிக்கும்படி அவரவர் புகழ்ச்சியைக் கீழ் வரியில் வைத்தாள். பத்து மணிக்குள் ஐந்து பேரும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் கை அரித்தது. மார்த்தாவிலிருந்து ஒரு 'மார்' வெட்டினாள். லோரெத்தோவிலிருந்து ஒரு 'லோ'. முதலாளி பிஸ்மாரின் தலையையே வெட்டி ஒரு 'பிஸ்'. ஒட்டிக் கேட்டாள்.

"மார்லோபிஸ்!" என்று எவர்லீதெஸ் முழங்கினார்.

நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிச் சிரித்தாள். புகழ்ச்சியெல்லாம் வேண்டாம், பெயர் போதும் என்று வரிசையின் முதலில் அதைச் செருகினாள். பென் டிரைவில் ஏற்றி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. திரும்ப வந்தபோது மணி மூன்று. முழுதாகக் கேட்டுப் பார்க்க நேரமில்லை.

தெருவே ஆடிக்கொண்டிருந்தபோது கழுதை வாயைத் திறந்தது. "மார்லோபிஸ்! இந்த ஆளு இல்லேன்னா கழுதைக்கு வாயே கெடையாது!"

அவள் மனதுக்குள் வரிசையை ஓட்டிப் பார்த்தாள். அது பிஸ்மாருக்கு வைத்த புகழ்ச்சி! செருகியதில் பெயர் வரி மட்டும் ஒரு இடம் தள்ளிப்போயிருக்கிறது, புகழ்ச்சி வரி அசையவில்லை. இனி ஆளாளுக்கு அடுத்தவர் புகழ்தான்.

"பிஸ்மார்! தெருவுக்கு ஒரு காதலி, எந்தத் தெருவுலயும் மாட்டாத ஆளு!"

"எந்தத் தெருடா?" என்று அவன் மனைவி நூபியா செருப்பைக் கழற்றினாள். பிஸ்மார் ஒலிபெருக்கிக்குப் பின்னால் பாய்ந்தான்.

"லோரெத்தோ! கை பட்டா முட்டை அரேபா பொன்னாப் பொரியும்!" மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் லோரெத்தோவுக்குச் சோள அடை பொரிப்பது இருக்கட்டும், வெந்நீர் வைக்கவும் தெரியாது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக் கையசைத்தான்.

"மார்த்தா! இன்னிக்குத்தான் பதினஞ்சு முடிஞ்ச மொட்டு!" அரேபா பொரிக்கும் மார்த்தா, அறுபது வயசு, கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடுத்தெருவில் இறங்கி ஆடினாள்.

"கெய்லா! முப்பது வருஷமா ஊரையே நடுங்க வைக்கிற தொண்டை!" இளஞ்சிவப்புக் கவுனில் நின்ற கெய்லா ஒரு கத்துக் கத்தினாள். நாய்கள் ஓடின.

தெரு வயிறு வலிக்கச் சிரித்தது. மார்லோபிஸுக்கும் கண்ணில் நீர் முட்டும் சிரிப்பு.

"எவர்லீதெஸ்!"

அப்புறம் வெறும் தாளம். அவருடைய புகழ்ச்சி ஏற்கெனவே கெய்லாவிடம் போய்விட்டதே. இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் காத்திருந்தார் மனிதர். சிரிப்பு அடங்கியது. தன் பெயருக்கு ஆசைப்பட்டு அவர் வாயை மூடிவிட்டோமே என்று அவள் முன்னால் ஓடினாள். மைக்கைப் பிடுங்கினாள்.

"டோன் எவர்! நாலு வருஷமா ஒங்க குரலை வெட்டுறேன். ஒங்க இருமல்கூட எனக்கு மனப்பாடம். ஒரு நாள்கூட அலுக்கல!"

தெரு ஆர்ப்பரித்தது. எவர்லீதெஸ் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். திட்டப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்தாள்.

"மார்..." என்றார். காற்று. "லோ..." இருமல். "பிஸ்!"

மூன்று துண்டு. அவள் ஒட்டிய அதே இடங்களில் உடைந்தது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள், மைக் வழியே பதிவாகியிருந்த அவர் குரலைக் கேட்ட பிஸ்மார், நெற்றி வீக்கத்தைத் தடவியபடி, "அந்த இருமலையும் காத்தையும் வெட்டிரு," என்றான்.

"மாட்டேன்," என்றாள் மார்லோபிஸ்.