அலமாரியில் பூட்டிய டிஸ்க்

சர்க்கா நகரில் பெண்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ என்றால் என் அக்கா ருதைனாதான். முக்காடில்லாமல் ஆடும் பெண்களின் படம் எந்த ஆண் கண்ணிலும் படாது என்று ஊருக்கே நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவள் பிழைப்பு.

அவள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். சிஸ்டம் எஸ்எஸ்டி என்ற சின்ன டிஸ்க்கில். படங்களுக்குப் பெரிய ஹார்டு டிஸ்க், அதை மாட்டினால் 'கல்யாணம்' என்ற ஃபோல்டரில் வந்து உட்காரும். நான் ஃபுட்பால் பார்க்க வந்தால் அக்கா ஹார்டு டிஸ்க்கை உருவி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். தம்பியானாலும் ஆண்தானே. அந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் சிஸ்டம் முரண்டு பிடிக்காமல் எழுந்துகொள்ளும்படி செய்துவைத்திருந்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

உம்மு லைஸ் மாமி வீட்டுக் கல்யாணத்தை அக்கா கேமராவிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்காகக் கேமரா கார்டை அழித்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து எடிட் பண்ண உட்கார்ந்தால் படத்தைக் காணோம்.

"டேய் நிதால், என்னத்தடா அழிச்சுத் தொலைச்ச?"

"நான் தொடவே இல்ல. கடைக்குக் கொண்டு போவோம், மீட்டுக் குடுப்பாங்க."

"கடைக்காரன் என்ன பொம்பளையா? என்னை நம்பி ஆடின பொண்ண அவன் உக்காந்து பாக்கணுமா?"

"அப்ப நான் பாக்கறேன்."

"நீ செவுத்தப் பாத்து உக்காரு. ஸ்க்ரீன்ல வர்றத நான் படிக்கிறேன்."

டீ கிளாஸோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பெயின்ட் உரிந்திருந்தது.

"சின்ன டிஸ்க் நிரம்பிடுச்சுன்னு வருது."

பாதிக்கு மேல் காலியாக விட்டிருந்தேனே! "அக்கா, கார்டை ஏத்தும்போது பெரிய டிஸ்க் எங்க இருந்துச்சு?"

மெதுவாக, "அலமாரியில" என்றாள்.

புரிந்துவிட்டது. பெரிய டிஸ்க் இல்லாததால் படம் முழுக்க எஸ்எஸ்டியில் இருந்த வெறும் ஃபோல்டரில் இறங்கியிருக்கிறது. பிறகு டிஸ்க்கை மாட்டியதும், தரையில் கிடந்ததன் மேல் கம்பளம் விரித்த மாதிரி மூடிவிட்டது.

"ஆஃப் பண்ணிட்டுப் பெரிய டிஸ்க்கைக் கழட்டு."

"மிச்சம் இருக்கறதையும் ஒழிச்சுக்கட்டப் பாக்கறியா?"

"கழட்டுக்கா."

கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரை மறுபடி ஆன் பண்ணி ஃபோல்டரைத் திறந்தாள். என் முதுகுக்குப் பின்னால் மேளமும் பெண்களின் குலவையும் கிளம்பின. அக்கா விம்மி அழுதாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

அழுகை சட்டென்று நின்றது. "ஒரு வாரமா பெரிய டிஸ்க் இல்லாம இதுல மேட்ச் பாத்தியேடா. இதையும் பாத்தியா?"

"இங்க இருக்குன்னு தெரிஞ்சிருந்தா இப்ப ஏன் செவுத்தப் பாத்துட்டிருக்கேன்?"

போன் அடித்தது. உம்மு லைஸ். ஸ்பீக்கரில் கேட்டது: "மகளே, படம் பூட்டித்தானே இருக்கு?"

அக்கா கழுத்தில் தொங்கும் அலமாரிச் சாவி சங்கிலியில் உரசும் சத்தம் கேட்டது.

"பூட்டித்தான் இருக்கு மாமி. சாவி என் கழுத்துல."

போனை வைத்துவிட்டுக் கேட்டாள்: "டேய், சின்ன டிஸ்க்கை எப்படிக் கழட்டறது?"

"அதைக் கழட்டினா கம்ப்யூட்டரே எழுந்துக்காதுக்கா."

"எழுந்துக்க வேண்டாம்."