ஒன்றரைத் தூண்

தண்டாயுதபாணியிடம் அவருடைய சொந்த வீட்டு வாசலில் வைத்தே கச்சேரி டிக்கெட் கேட்டாள் அந்தப் பெண். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் சிவரஞ்சனி என்று போட்டிருந்தது. அவருக்குப் பின்னால் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு மனைவி தேனம்மை நின்றாள்.

சொந்த வீடு என்றால், கோட்டையூரில் இரண்டு தெருவுக்கு நீண்டு கிடக்கும் அந்தப் பெரிய வீட்டில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. கணக்குப் பார்த்தால் ஒன்றரைத் தூணும் மாடிப்படியில் கால்வாசியும் தேறும். ஒருமுறை உத்தரத்துப் பல்லி வாலை உதிர்த்தபோது, அது யார் பங்கில் விழுந்தது என்று கோலாலம்பூர் வரை போன் போட்டார்கள். பங்காளிகள் கூடி வருவதற்குள் பல்லிக்குப் புது வால் முளைத்துவிட்டது. அப்பேர்ப்பட்டவர்கள் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டது, வீட்டை ஹோட்டல்காரனுக்கு வாடகைக்கு விட்டபோதுதான். பத்திரத்தை ஒருவரும் படிக்கவில்லை.

தேனம்மைக்கு அன்று உள்ளே பாடவிருந்த பாடகியின் குரல் என்றால் உயிர். ஆறு வருடம் முன்பு கோயில் திருவிழாவில் பாடினார், காசு கிடையாது. கூட்டமாக இருக்கும், அடுத்த வருஷம் போகலாம் என்றார் தண்டாயுதபாணி. பிறகு காரைக்குடி மண்டபத்தில் முந்நூறு ரூபாய். அநியாயம், அடுத்த வருஷம் குறையும் என்றார். மதுரையில் இரண்டாயிரம் ஆனது. இப்போது இவர்கள் வீட்டு நடுக்கூடத்திலேயே, சாப்பாட்டோடு சேர்த்து ஆளுக்கு எட்டாயிரம். இதற்கிடையில் தேனம்மைக்கு இடது காது போய்விட்டது. வலது காது இந்த வருடத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் ஏம் பங்குத் தூணுல சாஞ்சு நின்னுக்கிறேன் தாயி. மத்தவுக தூணத் தொடமாட்டேன்."

"உங்க தூணு எதுங்கய்யா?"

அது இன்னும் முடிவாகவில்லை.

"ஓனருக்குப் பத்து பர்சன்ட் தள்ளுபடி இருக்கு," என்றாள் சிவரஞ்சனி. "நாப்பத்தெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும்."

"அதுல ரெண்டு பேரு செத்துப் போயிட்டாக."

"வாரிசு போட்டாலும் சரிங்கய்யா."

அவர் மடியிலிருந்து ஐயாயிரத்தை எடுத்தார். வாடகையில் ஒரு வருடத்துக்கு அவர் பங்குக்கு வந்தது அவ்வளவுதான். "இவ ஒருத்திய மட்டும் விடு. சாப்பாடு வேணாம். பாட்ட மட்டும் குடு."

"சாப்பாட்டத் தனியாக் கழிக்க முடியாதுங்கய்யா."

தேனம்மை அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க. அநியாயமாக் கேக்குறாக. அடுத்த வருசம் கொறையும்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பின் தெருவுக்குச் சுற்றிப் போனார்கள். ஏசிக்காக ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். சுவர் நெடுக வரிசையாக மாட்டியிருந்த பெட்டிகள் தெருவில் அனல்காற்றை ஊதிக்கொண்டு இரைந்தன. தேனம்மை இரண்டு பெட்டிகளுக்கு நடுவே போய் வலது காதைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடினாள். முந்தானை படபடத்தது. கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன.

"கேக்குதா?"

"சத்தம் போடாம இருங்க."

இரண்டு காதும் பழுதில்லாத தண்டாயுதபாணி, பக்கத்தில் நின்று தானும் காதை வைத்தார். பெட்டிகளின் இரைச்சல்தான் கேட்டது. சுவர் சுட்டது.