டோர்கா தாண்டிய துப்பாக்கி

எலிசன் வைத்திருந்தது சாதாரணத் துப்பாக்கி இல்லை. முன்னால் இரண்டு கால்களை ஊன்றி, தோட்டாச் சரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மூச்சு விடாமல் சுடும் இயந்திரத் துப்பாக்கி. தலைநகர் ஹோனியாராவில் ஆயுதக் கிடங்கு உடைக்கப்பட்ட அன்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தவன், மூன்று வருடமாக அதைப் பிரிந்ததே இல்லை. எங்கள் மலைத்தா தீவின் மேற்குக் கரையில் அப்படி ஒன்று வேறு எவனிடமும் கிடையாது. அதனாலேயே எங்கள் கிலுசா கிராமத்துப் படைப்பிரிவுக்கு அவன் தலைவன்.

அதை ஏன் எடுத்தான் என்று கேட்டால் எங்களிடம் அப்போது பதில் இருந்தது. எதிர்த்தீவான குவாடல்கனாலில் பிழைக்கப் போயிருந்த எங்கள் ஆட்களை அந்த ஊர்க்காரர்கள் அடித்து விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். ஒருவர் கையிலும் ஒரு பானைகூட இல்லை. பையன்கள் கொதித்தெழுந்து படை சேர்ந்தபோது நாங்கள் பெண்கள்தான் கிழங்கு அவித்துக் கட்டிக் கொடுத்தோம். என் புருஷன் ஹட்சனுக்கும் நான் கட்டிக் கொடுத்தேன். அவன் பங்குக்குக் கிடைத்தது தண்ணீர்க் குழாயை வெட்டி ஊரிலேயே செய்த துப்பாக்கி.

சண்டை ஓய்ந்தது. துப்பாக்கிகள் ஓயவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் படகேறிப் போய்விட்டார்கள். மருந்து கொண்டுவரும் லாரியைத் துப்பாக்கிக்காரர்கள் வழியில் நிறுத்தி இறக்கிக்கொண்டார்கள். பையன்கள் குடித்துவிட்டுத் தென்னை மரத்தைச் சுட்டார்கள். வேதக்கோயில் கூரையில் இரண்டு ஓட்டை விழுந்தது. எல்லாப் பிரிவுக்கும் மேல் பிலெமோன் என்று ஒரு பெரிய தளபதி இருந்தான். அவன் ஆட்கள் ஊர் ஊராக வந்து படைக்குச் சாப்பாடு என்று கேட்பார்கள். கேட்பது என்றால் துப்பாக்கியை நீட்டிக் கேட்பது.

டோர்கா எலிசனின் அக்கா. எண்ணெய் பீப்பாயைப் படுக்கப்போட்டுச் செய்த அடுப்பில் பன் சுட்டு விற்பவள். அவள் சிரித்தால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவன் என்ன விஷயம் என்று கேட்டு அனுப்புவான். மகன் கல்யாணத்துக்கென்று அவள் ஒரு பன்றி வளர்த்தாள். ஒரு நாள் பிலெமோனின் ஆட்கள் வந்து அதன் காலைக் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டுத் தூக்கிப் போனார்கள். தூக்கியவர்களில் சிலாஸ் என்று ஒருவன், எங்களுக்கே தூரத்து உறவு. எலிசன் தன் இயந்திரத் துப்பாக்கியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய தளபதியின் ஆட்களை அவனால் தடுக்க முடியாது.

அன்றைக்கு டோர்கா சிரிக்கவுமில்லை, கத்தவுமில்லை. தம்பியைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நம்மள காப்பாத்தத்தான் இது வேணும்னு சொன்னியேடா. ஒரு பன்னியக்கூட இது காப்பாத்தலையே."

எலிசன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அந்த மாதத்தில்தான் வெளிநாட்டுச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். ஆஸ்திரேலியக்காரர்கள், பிஜி, டோங்கா ஆட்கள் என்று எல்லாரும் சேர்ந்த படை. மூன்று வாரத்துக்குள் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் வைத்திருந்ததற்குத் தண்டனை இல்லை என்று ரேடியோ காலையும் மாலையும் சொல்லிற்று. எங்கள் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவரும் போகவில்லை. எதிர்த்தீவுக்காரன் முதலில் கொடுக்கட்டும் என்றார்கள் எங்கள் ஆண்கள். அங்கே அவர்களும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். முதலில் கொடுப்பவன் வீட்டைக் கொளுத்துவேன் என்று பிலெமோன் சொல்லியனுப்பினான். அதோடு நிற்காமல், சனிக்கிழமை மதியம் நேரில் வந்து ஊர் ஊராகத் துப்பாக்கிகளைப் பார்வையிடப் போவதாகவும் சொன்னான்.

சனிக்கிழமை காலை எலிசன் வீட்டு முற்றத்தில் பாய்களை விரித்தார்கள். ஊரில் இருந்த துப்பாக்கிகள் அத்தனையும் வரிசையாக வந்தன. தோட்டாக்களைக் கழற்றித் தனியாக ஒரு சாக்கில் போட்டுவிட்டுத் துடைத்தார்கள். எலிசன் தன்னுடையதைக் குழல் வேறு, உடல் வேறு என்று பிரித்துப் பரப்பித் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். ஆண்கள் சுற்றி உட்கார்ந்து பாக்கு மென்றார்கள். நாங்கள் வேலி ஓரத்தில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தோம்.

டோர்கா எழுந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நேராகப் பாயை நோக்கி நடந்தாள். சாக்கை எடுக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் பாவாடையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்து, இயந்திரத் துப்பாக்கியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினாள்.

மலைத்தாவில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பெண் தாண்டிய பொருள் ஆணுக்குத் தீட்டு. அவன் அதைத் தொட்டால் கை விளங்காது, கடலுக்குப் போனால் மீன் படாது, சண்டைக்குப் போனால் திரும்ப மாட்டான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறோம்தான். ஆனாலும் இதில் மட்டும் ஒருவனும் சோதித்துப் பார்க்க மாட்டான். அதிலும் அக்கா தம்பி பொருளைத் தாண்டுவது என்பது எங்கள் அம்மாக்கள் காலத்தில் கோடரியில் முடிகிற விஷயம்.

மெல்லுகிற வாய்கள் நின்றுபோயின. எலிசன் எண்ணெய்த் துணியோடு எழுந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, என்ன காரியம் பண்ணிட்ட."

"தாண்டிட்டேன்," என்றாள் டோர்கா. குரல் நடுங்கியது, அவள் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். "வெட்டணும்னா வெட்டு. இல்லன்னா அந்தத் துணியக் கீழ போடு."

அவன் அவளைப் பார்த்தான், பிறகு துப்பாக்கியைப் பார்த்தான். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணியைப் பாய்மேல் விழவிட்டான். பிறகு இரண்டடி பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டான். அந்த முகத்தில் கோபத்தைத்தான் தேடினேன். பாரத்தை வெகுதூரம் சுமந்துவந்து இறக்கியவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அதற்குப் பிறகு நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. கையில் சீவின கிழங்கு இருந்தது. ஹட்சன் என்னைப் பார்த்துவிட்டான்.

"ஏய், நீ எதுக்கு வர்ற? என்னோடது சுட்டதே இல்லடி."

"அப்ப எதுக்கு வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு நான் தாண்டினேன்.

முதலில் சிரித்தது ஆண்கள்தான். அந்தச் சிரிப்பில் பயம் போனதோ என்னவோ, வேலி ஓரத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மட்டும் தாண்ட முடியாமல் இரண்டு பேர் பிடிக்க நடந்து கடந்தாள். புருஷனோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தி அவன் துப்பாக்கியை இரண்டு தடவை தாண்டினாள்.

இப்போது துப்பாக்கிகள் பாயில் கிடந்தன, தொட ஆளில்லை. பிலெமோன் வர நேரமாகிக்கொண்டிருந்தது. இதை என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டான். எலிசன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்:

"என்னைக் கேக்காத. இனி அது பொம்பளைங்க சாமான்."

பாய்களைச் சுருட்டிக் கட்டினோம். டோர்கா துணியைச் சுற்றிச் சும்மாடு வைத்து, இயந்திரத் துப்பாக்கி இருந்த பாயைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். குழல் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. மற்றவற்றை நாங்கள் பிரித்துக்கொண்டோம். தோட்டாச் சாக்கை இரண்டு பேர் மூங்கிலில் தூக்கினார்கள். மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கரையோரச் சாலையில் அரை நாள் நடை. யாரோ கோயில் பாட்டு ஒன்றைத் தொடங்கினாள். எங்கள் ஆண்கள் ஒரு கல்லெறி தூரத்தில் பின்னால் வந்தார்கள், எங்கள் காற்றுகூட மேலே படாதபடி.

வழியில் இருந்த ஊர்களில் சேதி எங்களுக்கு முன்னால் ஓடியிருந்தது. ஓர் ஊரில் பெண்கள் சாலை ஓரத்தில் நின்று, என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னோம். அடுத்த வளைவை நாங்கள் திரும்புவதற்குள் அவர்கள் பின்னாலேயே ஓடி வந்துவிட்டார்கள், கூரை ஓலைக்குள் செருகியிருந்ததையும் கிழங்குத் தோட்டத்தில் புதைத்திருந்ததையும் இழுத்துக்கொண்டு. மண் ஒட்டிய துப்பாக்கியைத் தோளில் சார்த்திக்கொண்டு ஒருத்தி என் பக்கத்தில் நடந்தாள். அவள் வீட்டுக்காரர் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறாராம்.

ஆற்றங்கரையில் பிலெமோன் நின்றிருந்தான்.

பாலம் இடிந்து போனதிலிருந்து அங்கே தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். கடக்கிற துறையை அடைத்துக்கொண்டு அவனும் ஆயுதத்தோடு அவன் ஆட்களும் நின்றார்கள். பாட்டு பாதியிலேயே நின்றது. பின்னால் ஆண்களும் நின்றுவிட்டார்கள். அவர்கள் கையில் குச்சிகூட இல்லை. நான் என் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். டோர்கா மட்டும் நடையை நிறுத்தவில்லை. கணுக்கால் வரை தண்ணீரில் இறங்கி, அவனுக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றாள்.

"திரும்பிப் போ டோர்கா," என்றான் பிலெமோன். "எதிர்த்தீவுக்காரன் இன்னும் வச்சிருக்கான். நாம முதல்ல குடுத்தா நம்மள நாய்கூட மதிக்காது."

"இப்ப மட்டும் நாய் மதிக்குதா மாமா?"

எங்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிலெமோனின் கழுத்து நரம்பு புடைத்தது. இது படையின் சொத்து, இறக்கி வை என்றான்.

"தாராளமா எடுத்துக்கோங்க," என்றாள் டோர்கா. தலையைக் குனிந்து பாயை அவன் பக்கம் நீட்டினாள். "நான் தாண்டினது இது. கைய நீட்டுங்க."

அவன் கை பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது. எத்தனையோ பேரைச் சுட்டதாகப் பெயர் எடுத்தவன் அவன். அவன் விரல்கள் காற்றில் மடங்கியதை ஆற்றின் இரண்டு கரையும் பார்த்தது. கையை இழுத்துக்கொண்டு தன் ஆட்களிடம் எடுக்கச் சொன்னான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனும் அசையவில்லை.

பிறகு ஒருவன் அசைந்தான். சிலாஸ். எங்களை நோக்கித்தான் வந்தான். வந்து, தன் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, அதைக் கூழாங்கல்மேல் வைத்தான்.

"அக்கா, இதையும் தாண்டிடுங்க," என்றான். "நான் வீட்டுக்குப் போகணும்."

டோர்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பன்னியத் தூக்கின கைதான இது?"

"ஆமாக்கா."

"தாண்டுறேன். தள்ளி நில்லு."

தலைச்சுமையோடேயே தாண்டினாள். அதற்குள் இன்னொருவன் வந்து வைத்தான். அப்புறம் வரிசையே நின்றது. டோர்காவுக்குக் கால் வலிக்கிறது என்று நாங்கள் முறை போட்டுக்கொண்டு தாண்டினோம். பிலெமோன் ஆற்றோரமாக மேலே நடந்து போய் ஒரு பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அவனை யாரும் கேலி செய்யக்கூடாது என்று டோர்கா சொல்லிவிட்டாள். கெடு முடிவதற்குள் ஒரு நாள் அவனும் தனியாக வந்து, கைத்துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம்.

ஆற்றைக் கடந்ததும் பாட்டு மறுபடி கிளம்பியது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நாங்கள் அப்படிப் பாடியதில்லை. கிளம்பும்போது ஒரு முற்றத்துப் பெண்கள். மிஷன் மைதானத்துக்குள் நுழையும்போது சாலை கொள்ளாத கூட்டம்.

மைதானத்தில் ஓர் இளம் ஆஸ்திரேலிய அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் தலையில் இருந்ததைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் முன்னால் வந்து அவரவர் கையாலேயே கொடுக்க வேண்டும் என்றான். எங்கள் ஆண்கள் மாமரத்தடியை விட்டு நகரவே மாட்டேன் என்றார்கள். ஏன் என்று கேட்டான். எங்கள் ஊர்ப் போலீஸ்காரப் பெண் ஒருத்தி அவன் காதோடு விளக்கினாள். அவன் காது சிவந்தது. பக்கத்தில் நின்ற டோங்காக்காரச் சிப்பாய் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

டோர்கா பாயை இறக்கி அவிழ்த்தாள். எலிசன் தன் பெயரை மரத்தடியிலிருந்தே உரக்கச் சொல்ல, எழுதிக்கொண்டார்கள். துப்பாக்கிகளை அறுக்க மின்சார ரம்பம் வைத்திருந்தார்கள். முதலில் எதை அறுப்பது என்று அதிகாரி கேட்டபோது, நான் அறுக்கிறேன் என்றாள் டோர்கா. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, டோங்காக்காரன் அவள் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தான். பல் இரும்பைக் கடித்தது. தீப்பொறி அவள் இடுப்பைச் சுற்றிக் கொட்டியது. குழல் இரண்டாகி விழுந்த சத்தத்துக்கு அந்த மைதானத்தில் எழுந்த கூச்சல் கடலில் இருந்த படகுகளை எல்லாம் கரைக்குத் திருப்பியது. மரத்தடியில் எலிசன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நின்றான். கைதி தூக்குவது போலில்லை; பந்தாட்டத்தில் கோல் போட்டவன் தூக்குவது போல.

ஹட்சனுடையது வந்தபோது அது துப்பாக்கிதானா என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தூரத்திலிருந்து ஹட்சன் கோபித்துக்கொண்டான். அறுத்தே ஆக வேண்டும் என்று சத்தம் போட்டு, அறுக்கவும் வைத்தான்.

தம்பிக்கு அக்கா செய்த அவமதிப்புக்கு வழக்கப்படி அவள் ஈடு கொடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் அதை அங்கேயே எடுத்தார்கள். எலிசன் எழுந்து, எனக்கு வேண்டாம், என் பிள்ளைகளும் கேட்க மாட்டார்கள் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னான். டோர்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

திரும்பும்போது மலையில் மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. ஆண்கள் கொடியை முறுக்கிக் கயிறாக்கிக் குறுக்கே பிடித்துக்கொண்டார்கள். எலிசன் ஆழமான நடு இடத்தில் மார்பளவு தண்ணீரில் நின்றான். சீக்கிரம் வாங்க, குளிருது, பாட்டை அக்கரையில போய்ப் பாடுங்க என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். நாங்கள் வேண்டுமென்றே மெதுவாகக் கடந்தோம்.