'ஆம்' என்று அழுத்தியவன்

கோபம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நிர்வாகம் வைத்த பரீட்சையில், முப்பத்தேழாவது கேள்வியில் பஞ்சு நின்றுவிட்டான். 'யாரையாவது அடிக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதுண்டா?' கிடங்கில் பதினெட்டு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அதட்டிப் பேசத் தெரியாததால் வந்த பெயர் பஞ்சு. தங்கச்சி வீங்கிய கன்னத்தோடு தன் வீட்டு வாசலில் வந்து நின்ற நாளும், மச்சான் சட்டையைப் பிடிக்கக் கிளம்பிப் பாதி வழியில் தான் திரும்பியதும் நினைவுக்கு வந்தன. பொய் சொல்ல மனசு வரவில்லை. 'ஆம்' என்று அழுத்தினான். பக்கத்துக் கணினியில் மேற்பார்வையாளர், படித்தாரோ என்னவோ, மளமளவென்று 'இல்லை'களைத் தட்டிவிட்டுப் பத்தே நிமிஷத்தில் எழுந்து போனார்.

அடுத்த வாரம் பஞ்சுவிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஆபத்தானவர் பட்டியலில் அவன் பெயர் வந்திருந்ததாம். இனி கண்ணாடி அறையில் தனியாக உட்கார்ந்து லேபிள் ஒட்ட வேண்டும்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்களா? கரப்பான்பூச்சி அடிக்கவே என்னைக் கூப்பிடுற ஆளு!" அவன் சிரிக்காததைப் பார்த்துத்தான் நிறுத்தினாள்.

பணியாளர் அதிகாரியைப் போய்ப் பார்த்தான்.

"மேடம், இத்தனை வருஷத்துல என் மேல ஒரு புகார் உண்டா?"

"இல்லண்ணே."

"அப்புறம் இந்தப் பரீட்சை எந்த அளவுக்குச் சரி?"

அவள் பேனாவை மூடினாள். "நூறு பேருக்கு வச்சா கொஞ்சம் பேர் விஷயத்துல சரியா வரும். அந்தக் கொஞ்சம் பேர் யாருன்னுதான் எங்களுக்கும் தெரியாது. மேலிடத்துல மார்க்கைத்தான் பாப்பாங்க."

"இது என்ன நியாயம் மேடம்?"

குரல் சற்றே உயர்ந்துவிட்டது. அவள் கை தன்னையறியாமல் தொலைபேசிப் பக்கம் நகர்ந்தது. சட்டென்று இழுத்துக்கொண்டு தலைகுனிந்தாள். பஞ்சு பார்த்துவிட்டான். கத்தினால் பரீட்சை சொன்னது நிஜமாகிவிடும். சும்மா இருந்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும். "சரிங்க மேடம்" என்று எழுந்து வந்தான்.

புதன்கிழமை மதியம், பெட்டியைக் கோணலாக அடுக்கினார் என்று, ஓய்வு பெறும் வயசிலிருந்த சுமை தூக்குபவரின் பிடரியில் மேற்பார்வையாளர் ஓங்கி ஓர் அறை விட்டார். கண்ணாடி வழியே பார்த்த பஞ்சு தன்னை மறந்து ஓடினான்.

"சார், விடுங்க சார்!"

கிடங்கே திரும்பியது. "பஞ்சுவைப் பிடிங்கப்பா!" என்று யாரோ அலறினார்கள். கூட வேலை பார்க்கிற இரண்டு பேர் அவன் தோள்களை இறுக்கிக்கொண்டார்கள். "வேணாம்ணே, வேணாம்ணே" என்றார்கள், பிரியமாகத்தான்.

அவன் திமிறவில்லை. எதிரே அந்தப் பெரியவர் குனிந்து, விழுந்த பெட்டியை எடுத்து நேராக வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்தார்.