முப்பத்தாறு கிலோமீட்டர்

ஒரு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம் நான் அதைச் சொல்லவில்லை. எழுமலை பஸ் ஸ்டாண்டில் பகல் பதினொன்று பத்துக்கு எனக்குத் தெரிந்தது. மதுரையில், எங்கள் ஷோரூமின் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நான் வாயைத் திறந்தபோது மணி ஒன்று தாண்டி இரண்டு நிமிடம்.

பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு இந்தக் கார் ஷோரூமில் சேர்ந்தேன். டெஸ்ட் டிரைவ் பதிவேடு எழுதும் வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இதற்கு ஒத்துக்கொண்டேன். கல்லூரியில் செய்முறைத் தேர்வின்போது வெளித்தேர்வாளர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்று பத்து மதிப்பெண்ணை விட்டவள் நான்.

எங்களிடம் ஹைபிரிட் கார் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு மாதத்தில் திரும்பி வருவார்கள். "லிட்டருக்கு இருபத்தெட்டுன்னு சொன்னீங்க, பதினெட்டுத்தான் காட்டுது" என்பார்கள். காரில் குறை இருக்காது. பழைய காரை மிதித்த காலோடு இதையும் மிதிப்பார்கள். அதனால் மேலாளர் கல்யாணராமன் சார் ஒரு முடிவெடுத்தார். வாங்கியவர் வீட்டுக்கே போய், ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுத்தர ஒரு பயிற்சியாளர் வேண்டும். ஒரே ஒரு இடம். வந்தவர்கள் நான்கு பேர்.

நான்கு பேருக்கும் ஒரே வண்டி, ஒரே பாதை. திருமங்கலம், எழுமலை, உசிலம்பட்டி சுற்றி மறுபடி மதுரை. நூற்று இருபத்தாறு கிலோமீட்டர். ஏசி இருபத்தாறில். ஒரு நாளைக்கு ஒருவர். முடிவில் திரையில் யாருடைய சராசரி அதிகமோ அவருக்கு வேலை. நான் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். கிளம்பும்போது ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். அப்போதுதான் தூரமும் சராசரியும் அந்த இடத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். இல்லாவிட்டால் முன்பு ஓட்டியவர்களின் ஓட்டமும் அதில் கலந்துவிடும்.

முதல் இரண்டு நாள் வந்தவர்கள் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் ஹரிநாராயணன். விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டுகிறவர். 26.1 எடுத்தார். அன்று மாலையே எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வந்தார்.

நான்காம் நாள் மலையம்மாள் அக்கா. நாற்பது வயது இருக்கும். திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் வேன் ஓட்டியவர். இந்த மாதத்தோடு வேன்களை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கிறார்கள். அவர் தன் டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அக்காவுக்கு ஓட்ட வண்டியே இல்லை.

அன்று அமாவாசை. ஷோரூமில் ஒவ்வொரு அமாவாசைக்கும் வாசலில் நிற்கும் வண்டிகளுக்குப் பூஜை உண்டு. காலையில் இரண்டு வாடிக்கையாளர்கள் அதே வண்டியை டெஸ்ட் டிரைவ் எடுத்திருந்தார்கள். முதல் ஆளுக்கு முன் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கிக் கொடுத்தேன்; இரண்டு ஓட்டமும் சேர்ந்து முப்பத்தாறு கிலோமீட்டர், சராசரி 15. என் கையால் பதிவேட்டில் எழுதினேன். பிறகு மலையம்மாள் அக்காவின் படிவத்தை எடுத்தேன். எழுத்து சுத்தமாக இருக்க வேண்டும் என்று மேசையில் வைத்தே எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். 'ட்ரிப் மீட்டர் பூஜ்ஜியம்: ஆம்' என்ற கட்டத்தையும்.

காரில் ஏறி பொத்தானை அழுத்தப் போனபோது கல்யாணராமன் சார் கூப்பிட்டார்.

"டயானா, இந்தத் தட்டைப் புடிம்மா."

இறங்கினேன். நான் சூடத்தட்டைப் பிடிக்கலாமா என்று முதல் மாதமே கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. அதனால் ஆறு மாதமாக நான்தான் பிடிக்கிறேன். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். அக்கா எடுத்த வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து பழங்களை நசுக்கியது. பழத்தில் ஏறிய வண்டி வாசலைத் தாண்டும் வரை நிற்கக் கூடாது என்பது சாரின் கணக்கு. நான் ஓடிப்போய் கேட்டுக்கு வெளியே ஏறிக்கொண்டேன். மூச்சு வாங்கியது. பொத்தான் நினைவில் இல்லை.

மலையம்மாள் அக்கா செருப்பைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்தார். வெறுங்காலில் ஓட்டினார்.

"கால்ல ஒண்ணும் இல்லைன்னாத்தான் பாப்பா, எம்புட்டு மிதிக்கிறோம்னு தெரியும்."

திரையில் நொடிக்கு நொடி மாறும் ஒரு கோடு உண்டு. காலை எடுத்தால் உச்சிக்குப் போகும், மிதித்தால் தரையில் விழும். ஹரிநாராயணன் வழி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா அதை ஒருமுறை பார்த்தார்.

"இது சும்மா ஆட்டங்காட்டுது. இதப் பாத்து ஓட்டுனா ஆட்டுக்குட்டி மேல ஏத்திருவோம்" என்று பாட்டரிக்கும் சக்கரத்துக்கும் நடுவே அம்புக்குறி ஓடும் பக்கத்துக்குத் திரையை மாற்றினார்.

பிரேக் பிடித்தால் சக்கரத்திலிருந்து பாட்டரிக்கு மின்சாரம் திரும்பும். இயக்க ஆற்றல் மின்னாற்றலாக மாறுகிறது. அதை நான் சமன்பாட்டில் எழுதுவேன். அக்கா காலில் எழுதினார். வேகத்தடைக்கு நூறு மீட்டர் முன்பே கால் மேலே வந்துவிடும். பிரேக்கை வெடுக்கென்று அழுத்த மாட்டார். மெல்ல, நீளமாக. அம்புக்குறி பச்சையாகத் திரும்பி ஓடிக்கொண்டே இருக்கும். எதிரே பஸ் வருகிறதா, முன்னால் போகும் டிராக்டர் திரும்பப்போகிறதா, எல்லாம் எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்தது. திருமங்கலம் தாண்டும் வரை என் உடம்பு ஒருமுறைகூட முன்னால் சாயவில்லை. மற்ற மூவரோடும் நான் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"இங்க எத்தன மாசமா இருக்க?"

"சனிக்கிழமையோட ஆறு மாசம்க்கா. அன்னைக்குத்தான் நிரந்தரம்."

"ஆக்கிருவாகளா?"

"ஒரு தப்பு பண்ணிட்டேன். சேஸிஸ் நம்பர்ல ஒரு எழுத்து. இன்னொரு தப்பு வந்தா பாத்துக்குவோம்னு சார் சொல்லியிருக்காரு."

முன்பின் தெரியாத ஒருவரிடம் இவ்வளவு பேசியது எனக்கே வியப்பாக இருந்தது. அவர் "ம்" என்றார்.

எழுமலைக்கு முன்னால் சாலையில் சோளக்கதிரைக் காயப்போட்டிருந்தார்கள். அதை ஒட்டி ஒரு ஆட்டு மந்தை. வண்டி பாட்டரியில் போய்க்கொண்டிருந்ததால் சத்தம் இல்லை. ஆடுகள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அக்கா ஹாரன் அடிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, கதவை டப் டப் என்று தட்டினார். வேனில் பிள்ளைகள் ஏறியதும் தட்டுவது போல. ஆடுகள் விலகின. மேய்த்தவர் சிரித்தார்.

"என்னத்தா, வண்டிய தள்ளிக்கிட்டா வார?"

"ஆமாண்ணே, கொஞ்சம் கை குடுங்க."

எழுமலை பஸ் ஸ்டாண்டில் டீக்கு நிறுத்தினோம். அவர் இறங்கியதும் நான் பாதித் தூரத்தைக் குறிக்க ட்ரிப் பக்கத்தைத் திறந்தேன். எழுமலை சரியாக அறுபத்து மூன்றாவது கிலோமீட்டர். மூன்று நாளும் அப்படித்தான் காட்டியது. இன்று தொண்ணூற்றொன்பது.

கழித்துப் பார்த்தேன். முப்பத்தாறு.

காலையில் என் கையால் எழுதிய அதே முப்பத்தாறு. வாடிக்கையாளர்கள் மிதித்துத் தள்ளிய முப்பத்தாறு கிலோமீட்டரை அக்கா தலையில் கட்டியிருந்தேன். அது குடித்தது 2.4 லிட்டர். இனி அவர் எப்படி ஓட்டினாலும் அது சராசரியை விட்டுப் போகாது.

அக்கா இரண்டு டீயோடு வந்தார். ஒன்றை என் கையில் கொடுத்தார். "ஏன் மொகம் இப்படி இருக்கு?" என்றார். வெயில் என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

உசிலம்பட்டி வரை நான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். செக்கானூரணியில் அடுத்த ஊரில் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் சனிக்கிழமை என் பெயர் பட்டியலில் இருக்காது. சொல்லாவிட்டால் இந்தக் கால்களுக்கு வண்டி இருக்காது. அந்தக் கால்கள் எனக்குப் பக்கத்திலேயே இருந்தன. பெருவிரல் மட்டும் மிதியில் பட்டும் படாமலும் அசைந்தது.

"இந்தச் சராசரி இருக்கே பாப்பா," அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "மெதுவாத்தான் ஏறும். முன்னால ஓட்டுனவன் பண்ணுன பாவத்தையும் சேத்துல்ல சொமக்குது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஷோரூமில் வண்டி நின்றதும் கல்யாணராமன் சார் எட்டிப் பார்த்தார். திரையில் பெரிய எழுத்தில் சராசரி மட்டும் இருந்தது. 23.5. போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போய் வெள்ளைப் பலகையில் எழுதினார். ஹரிநாராயணன் முடிவு தெரிந்துகொள்ள வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, வழியில எல்லா ஸ்டாப்லயும் நின்னு புள்ளைங்கள ஏத்துனீங்களோ?"

"ஒன்னையத்தான் தேடுனேன் தம்பி, நீ ஸ்டாப்ல இல்ல."

ஹரிநாராயணனே சிரித்துவிட்டார். கல்யாணராமன் சாரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா ஓட்டுறீங்கம்மா. ஆனா நம்பர்னு ஒண்ணு வச்சிட்டோம்ல" என்றார்.

"சரிங்க சார்." அக்கா சாவியை மேசையில் வைத்தார். "வாரேன்."

நான் அவர் பின்னால் வாசல் வரை போனேன். அவர் வண்டியின் பின்கதவைத் திறந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு அருகே காலையில் நசுங்கிய பழத்தோல் வெயிலில் சுருங்கிக் கிடந்தது.

"அக்கா."

"சனிக்கிழம நிரந்தரமானதும் ஒரு டீ வாங்கிக் குடு. இன்னைக்கு நான் வாங்கிக் குடுத்தேன்ல."

"ஒங்களுக்கு..."

"எனக்கு என்ன தெரியும்?" அவர் முந்தானையை இழுத்துச் செருகினார். "முப்பத்தாறு கிலோமீட்டர் எங்கருந்து வந்துச்சுன்னு எனக்கு என்ன தெரியும்? போ, வெயில்ல நிக்காத."

அந்த எண்ணை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

பன்னிரண்டு வருடம் இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஓட்டியவருக்கு எழுமலை எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாதா? திரையைப் பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகும் அறுபத்து மூன்று கிலோமீட்டர், ஒரு வேகத்தடையிலும் என் உடம்பு சாயாமல், அதே காலோடு ஓட்டியிருக்கிறார். தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகும்.

சார் பலகையில் 23.5 எழுதியபோதே மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். ட்ரிப் மீட்டரில் மொத்தத் தூரம் நூற்று அறுபத்திரண்டு, 23.5ஆல் வகுத்தால் பெட்ரோல் 6.9 லிட்டர். அதில் காலை ஓட்டம் குடித்த 2.4 போனால் அக்காவின் நூற்று இருபத்தாறுக்கு நாலரை லிட்டர். இருபத்தெட்டு. வாங்குகிறவர்களிடம் நாங்கள் சொல்லும் அதே இருபத்தெட்டு. ஆறு மாதத்தில் எந்தத் திரையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

உள்ளே ஹரிநாராயணனுக்குக் கை கொடுக்க சார் எழுந்துகொண்டிருந்தார். நான் டெஸ்ட் டிரைவ் பதிவேட்டை எடுத்தேன். காலையில் எழுதிய பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை வைத்தேன்.

"என்னம்மா?" என்றார்.

நான் தரையைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே மலையம்மாள் அக்கா பஸ்ஸுக்காகச் சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தார்.

"அக்காவப் போகச் சொல்லாதீங்க சார். அவுங்க எடுத்தது இருபத்தெட்டு. ட்ரிப் மீட்டர நான் பூஜ்ஜியம் ஆக்கவே இல்ல."