அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல்

முப்பத்து நாலு வயதில் கராத்தே வகுப்பில் சேர்ந்தேன் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பெல்ட் வாங்கவோ, எவனையும் உதைக்கவோ நான் சேரவில்லை. எனக்குக் கத்த வரவேண்டும், அவ்வளவுதான்.

குவைத்தில் ஒரு கிளீனிங் கம்பெனியில் வேலை. நாங்கள் தங்கியிருக்கும் மங்காஃபிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். அதில் சூப்பர்வைசர் சேதுபதியும் வருவார். எங்கள் ராமநாதபுரத்துக்காரர்தான். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரில் மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டே தொடையில் கையை வைத்தார். பஸ்ஸில் இருபது பெண்கள். ஒரு கத்துக் கத்தியிருந்தால் ஆள் கூனிக்குறுகிப் போயிருப்பார். எனக்குச் சத்தமே வரவில்லை. இறங்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு முழுக்க அவர்மேல் இருந்ததைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அந்த வாரமே பக்கத்திலிருக்கும் ஃபஹாஹீலுக்குப் போனேன். அங்கே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கீழக்கரை ஹாலிதா மேடம் வெள்ளிக்கிழமைதோறும் பெண்களுக்குக் கராத்தே சொல்லித் தருகிறார். பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் கராத்தே படித்தவள் நான், கொஞ்சம் தெரியும் என்று தெனாவட்டாகத்தான் நின்றேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் காற்றைத்தான் குத்தினோம். எதிரில் நிற்பவளைத் தொட்டால் மாஸ்டர் திட்டுவார். மேடத்தின் கராத்தே வேறு மாதிரி. ஒரு பெண்ணை எதிரே நிறுத்தி, "வயித்துல குத்துங்க. நெசமாவே குத்துங்க" என்றார். பழைய பழக்கத்தில் கையை இடுப்புக்கு இழுத்தேன். மறைப்பில்லாத முகத்தில் அவள் கையால் சுள்ளென்று ஒன்று விழுந்தது. தெரிந்ததையெல்லாம் மறக்கவே மூன்று வாரம் ஆனது.

உடம்பு எப்படியோ படிந்துவிட்டது. குரல்தான் படியவில்லை. ஒவ்வொரு குத்தோடும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அதைக் கியாய் என்பார்கள். மற்றவர்கள் கத்தும்போது நான் வாயை மட்டும் திறந்து மூடினேன்.

"தொண்டையில என்ன கனகா அடைச்சிருக்கு?" என்று மேடம் கேட்டார்.

சொன்னேன். எட்டு வருஷமாக ஆறு பெண்கள் ஒரே ரூமில் இருக்கிறோம். ஆளுக்கொரு ஷிஃப்ட். எந்நேரமும் யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். எங்களுக்குள் சண்டைகூடக் குசுகுசுவென்றுதான் நடக்கும். அம்மா போய்விட்டாள் என்று போன் வந்த அன்றைக்கு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன்.

மேடம், "இங்க யாரும் தூங்கல. கத்துங்க" என்றார்.

அன்றைக்கும் வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. அதற்கடுத்த வாரம், மேடம் பிடித்திருந்த மெத்தைப் பலகையில் குத்திக் குத்திக் கை மரத்துப்போன நேரத்தில், எங்கிருந்தோ கிளம்பி வந்தது. என் குரல்தானா என்று நானே பயந்துபோனேன். எல்லாரும் கைதட்டினார்கள். மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் பைத்தியம் மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். அந்தச் சேதுபதி இன்னும் ஒரே ஒரு தடவை வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் பக்கத்தில் இல்லை, எனக்கு முன்சீட்டில் விஜியின் பக்கத்தில். விஜி ஊரிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. எங்கள் ரூமில்தான் இருக்கிறாள். சுற்றிலும் எல்லோரும் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சேதுபதியின் கை மெல்ல நகர்வதை இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் பார்த்தேன். இதோ என்று மூச்சை இழுத்தேன்.

அதற்குள் விஜியே கத்திவிட்டாள். எந்த வகுப்புக்கும் போகாதவள்.

"ஏய்! கைய எடுய்யா!"

பஸ்ஸே அதிர்ந்தது. நாலைந்து பேர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். இன்னொரு கத்துக்கு விஜி வாயைத் திறந்தாள். என் கை முன்னால் பாய்ந்தது. அவர்மேல் இல்லை. பின்னாலிருந்து விஜியின் வாயைப் பொத்தியது.

"ஷ்ஷ்... மெதுவா விஜி, தூங்குறாங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. நிமிர்ந்தவர்கள் விஜிக்கு ஏதோ கெட்ட கனவு போலிருக்கிறது என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். விஜி என் கையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். சேதுபதியைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

அவர் இடத்தைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "புதுப் புள்ளைல்ல, நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும் கனகா" என்றார்.

நான் தலையாட்டினேன்.