ஓர்னெல்லாவின் அளவுக்கு எழுதிய அறிவிப்பு

கணினி இயற்பியல் துறையின் முனைவர் பட்ட ஆய்விடத்துக்கு நேர்முகத் தேர்வு நடந்த அன்று, ஓர்னெல்லா ஸ்குதேரி இரண்டு பேராக இருந்தாள். ஒருத்தி பேருந்தில் வந்தாள். மற்றவள் எப்படி வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எட்னா எரிமலை காலையிலிருந்து சாம்பலைக் கொட்டிக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் காரைக் கழுவும் கவலை.

அந்த சிசிலி ஊரில் ஆய்விடங்களை ஊரறியத்தான் அறிவிப்பார்கள். யாருக்குக் கிடைக்கும் என்பது மட்டும் காப்பிக்கடை வரைக்கும் முன்பே தெரிந்திருக்கும். காத்திருப்பவரின் அளவெடுத்துத்தான் தகுதிகளே எழுதப்படும். எரிமலைக் குழம்பு எந்தத் தெருவழியாக இறங்கும் என்று கணக்கிடும் வேலையை ஓர்னெல்லா பல வருடங்களாகப் பேராசிரியர் பப்பலார்தோவுக்குச் சும்மா செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டுரைகளில் பெயர் அவருடையது. கடைசியில் மனிதருக்கு மனம் இரங்கியது.

“இந்த வருஷம் உனக்குத்தாம்மா. அறிவிப்ப நீயே எழுதிடு, எனக்கெங்க நேரம்?”

போன முறை வடக்கேயிருந்து ஒருவன் எல்லாத் தகுதிகளோடும் வந்து இடத்தைத் தட்டிக்கொண்டு போயிருந்தான். அந்தப் பயத்தில் ஓர்னெல்லா இண்டு இடுக்கில்லாமல் எழுதினாள். குழம்புக் கணக்குப் போடும், அவளுக்கு மட்டுமே அடிபணியும் ஒரு பழைய கணினி நிரலில் தேர்ச்சி கேட்டாள். இடது முழங்கையில் எண்ணெய் பட்ட தழும்பைக் கேட்டாள். கணக்கு ஓடும்போது முணுமுணுத்துப் பாடும் பழக்கத்தையும் விரும்பத்தக்க தகுதியாகச் சேர்த்தாள். தேர்வுக்குழு படிக்காமலே கையெழுத்துப் போட்டது.

மற்றவளிடம் எல்லாமே இருந்தன, தழும்பு உட்பட. கண்ணுக்குக் கீழே கருவளையம் மட்டும் இல்லை. பேராசிரியரின் நகைச்சுவைகளை முதல்முறை கேட்பவளைப் போலச் சிரித்தாள். அவளுக்கு அது உண்மையிலேயே முதல்முறைதான். இருவருக்கும் ஒரே மதிப்பெண். அப்படி வந்தால் வயதில் இளையவருக்கே இடம் என்பது விதி. மற்றவள் பிறந்ததே அறிவிப்பு வெளியான அன்றுதான்.

இருவரும் ஒரே வீட்டுக்குத்தான் போனார்கள். ஓர்னெல்லா கத்தரிக்காய் பாஸ்தாவைத் தொடாமல் விசும்பினாள்.

“அழுவாதடி. ஒருத்திக்காவது கெடச்சுதே,” என்றாள் அம்மா சந்தினா.

“அது நான் இல்லம்மா.”

“மூக்கு எங்க வீட்டு மூக்குதானே? தள்ளி உக்காரு, அவளும் சாப்பிடட்டும்.”

அதன்பிறகு உதவித்தொகையும் மாநாட்டுப் பயணங்களும் மற்றவளுக்குப் போயின. கணக்குகள் ஓர்னெல்லாவிடமே இருந்தன. துறையில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. கருவளையம் உள்ளவளிடம் வேலையைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் பப்பலார்தோ மறுபடியும் கூப்பிட்டு, “இந்தத் தடவ சத்தியமா உனக்குத்தான். நீயே எழுதிடு,” என்றார். ஓர்னெல்லா உட்கார்ந்து எழுதினாள். கருவளையம் கட்டாயம் என்று முதல் வரியிலேயே போட்டாள்.

அன்று சாயங்காலமே சந்தினா கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு நாற்காலி வாங்கிவந்தாள்.